மேடைக்கு முதற்குரல்: மீனாட்சி அம்மையார்

மலைநாட்டுத் தொழிலாளர் இயக்கத்துக்கு வித்திட்ட கோதண்டராம நடேசய்யரை அறியாதார் இலர். அவருடைய மேடைகளுக்கு முதற்குரலாய் விளங்கியவர் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார். ஒலிபெருக்கித் தொழிலில் பழகியவன் என்ற முறையில் அவ்வம்மையாரின் தொண்டை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

தஞ்சை மண்ணிலிருந்து இலங்கைக்கு வந்த நடேசய்யர், தேசநேசன், தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். ஆயினும், எழுத்தறிவு பெற வாய்ப்பற்றிருந்த மக்களைப் பத்திரிகை மட்டும் எட்டிவிடுமா? அவர்களது செவிகளை நாடவேண்டியிருந்தது. அப்பணியை அம்மையார் ஏற்றார். கணவருடன் மேடைகளில் தோன்றிப் பாரதியார் பாடல்களைப் பாடினார்; தாமும் பாடல்கள் புனைந்தார். 1939இல் இலங்கை அரசாங்கம் தன் சேவையிலிருந்த இந்திய நாட்கூலி ஊழியரை நீக்க முற்பட்டது. இந்தியர் நிலைமை குறித்த தம் பாடல்களை அம்மையார் 1940இல் நூலாக வெளியிட்டார்.

லயங்களில் மின்விளக்கு எரியாத காலம் அது. பாடுபவரின் மூச்சும் உச்சரிப்புமே கருவி. மலைக்காற்றும் மழையும் குரலைச் சிதறடிக்கும். ஆதலின் மக்களுக்குப் பழகிய மெட்டில், எளிய சொற்களில் அவர் பாடல்கள் அமைந்தன. மெட்டு முன்பே தெரிந்திருந்தால் செவி சொல்லைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். கூலியும் உரிமையும் பற்றிய செய்தியன்றோ அது? ஒரு சொல் தவறினும் பொருள் போய்விடும்.

இன்று நமக்குக் கருவிகள் உண்டு. எனினும் அடிப்படை மாறவில்லை. ஒலிவாங்கியிலிருந்து பிறக்கும் மின்னலை மிக மெல்லியது. ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கே இருக்கும். அதை ஏறக்குறைய ஒரு வோல்ட் அளவுக்கு உயர்த்துவது முன்பெருக்கி. அங்கே இரைச்சல் கலந்தால், பின்னுள்ள பெருக்கிகள் குரலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். அளவுக்கு மீறி உயர்த்தினால் குரல் உடைந்து ஒலிக்கும். குறைத்துவிட்டால், பின்னர் ஈடுசெய்யும்போது இரைச்சல் மேலெழும். முதற்படியில் இழந்த தெளிவை எத்துணைப் பெரிய ஒலிபெருக்கியாலும் மீட்க இயலாது.

தோட்டத்துத் திருவிழாக்களில், கொழுந்து பறித்து ஈட்டிய கூலியிலிருந்து கொடுத்த பணம் ஆளுயரப் பெட்டிகளுக்கே செலவாகிறது. முன்பெருக்கியைக் கேட்பாரில்லை. முழக்கம் அடுத்த மலைவரை செல்கிறது. எதிரே அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கோ பாட்டின் ஓரடியும் விளங்குவதில்லை. பெட்டிகளில் இரண்டைக் குறைத்து, நல்ல முன்பெருக்கி ஒன்றை அமர்த்துக. ஒலிவாங்கிக் கம்பியை மின்கம்பியோடு பிணைக்காது தனியே செலுத்துக. பாடுபவரை முழுக்குரலில் பாடவைத்து அளவை அமைத்துக்கொள்க.

நடேசய்யர் 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார், 1947இல் மறைந்தார். அம்மையாரின் குரல் எந்த இசைத்தட்டில் உள்ளது என்று காட்ட என்னிடம் ஏதுமில்லை, சொற்கள் எஞ்சியுள்ளன. அவற்றை இளம்பெண்கள் மேடையேறிப் பாடும் நாளில், கடைசி வரிசையில் கம்பளி போர்த்தி அமர்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்கவேண்டும். அம்மையார் பாடியது அவர்களுக்காகவே.