அரியர் வைக்கிற அந்த ஈக்வேஷனும், கப்பல் ஏறிய 19 வயசு பையனும்!

பெரம்பலூர்ல இருந்து அரியலூருக்கு காலேஜ் நேரத்துல பஸ் ஏறியிருக்கீங்களா? உட்கார இடம் கிடைக்காது. முன்னாடி சுண்ணாம்புக்கல் ஏத்தின லாரி வழிவிடாமப் போகும். பஸ்ஸுக்குள்ள யாராவது ஒருத்தர், போன்ல நோட்ஸ் போட்டோவை ஜூம் பண்ணி, காம்ப்ளிமென்டரி ஃபங்ஷன், பர்டிகுலர் இன்டக்ரல்னு முணுமுணுத்துட்டு வருவார். டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் எக்ஸாம்! தமிழ்ல வகைக்கெழுச் சமன்பாடு. பி.எஸ்சி மேத்ஸோ, பி.இ-யோ, எதுல சேர்ந்தாலும் தப்பிக்க முடியாத பகுதி.

இதைப் படிச்சு என்ன ஆகப்போகுதுன்னு நீங்களும் ஒருமுறை சலிச்சிருப்பீங்க. அந்தச் சலிப்போடவே சுப்ரமணியன் சந்திரசேகரோட கதையைக் கேளுங்க.

1910 அக்டோபர் 19-ல் லாகூர்ல பிறந்தவர். அப்பா சுப்ரமணிய அய்யர் ரயில்வே கணக்குத் துறை அதிகாரி. சித்தப்பா யார் தெரியுமா? சர் சி.வி.ராமன். அம்மா சீதாலட்சுமி அதிகம் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. ஆனா, இப்சன் எழுதின நாடகத்தைத் தமிழ்ல மொழிபெயர்க்கிற அளவுக்குத் தானாவே படிச்சு வந்தவர். 1920-ல் கணிதமேதை ராமானுஜன் இறந்த செய்தியை ஒன்பது வயசு சந்திரசேகருக்குச் சொன்னதும் அந்த அம்மாதான். அது பையன் மனசுல தங்கிடுச்சு.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது ஒரு பழக்கம் வெச்சிருந்தார். கோடை லீவுலயே அடுத்த வருஷ கணக்குப் பாடத்தைத் தானா படிச்சு முடிச்சிடுவார். 1925-ல் சென்னை மாநிலக் கல்லூரி. அவருக்கு ஆசை கணிதத்து மேல. அப்பாவுக்கு ஆசை ஐ.சி.எஸ் மேல. ரெண்டுக்கும் நடுவுல ஃபிசிக்ஸ் ஆனர்ஸ்னு முடிவாச்சு. நம்ம வீடுகள்ல நடக்கிற அதே பஞ்சாயத்துதான்! பையன் ஃபிசிக்ஸ்ல பேர் கொடுத்துட்டு, கணித வகுப்புல போய் உட்கார்ந்துப்பார்.

1928-ல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னை வந்தார். அவர் எழுதின புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சிருந்த சந்திரசேகர் பெருமையா போய்ப் பார்த்தார். அந்தப் புத்தகம் பழசாகிடுச்சு, குவான்டம் இயற்பியல் எங்கேயோ போயிடுச்சுன்னு சொல்லிட்டார் சோமர்ஃபெல்ட். நாமளா இருந்தா ரெண்டு நாள் சாப்பாடு இறங்கியிருக்காது. சந்திரசேகர் புதுசைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சார். அடுத்த வருஷமே அவரோட ஆய்வுக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி இதழ்ல வந்தது. டிகிரி இன்னும் முடியலை.

1930-ல் கேம்பிரிட்ஜ் போக அரசு உதவித்தொகை கிடைச்சுது. அம்மா அப்போ படுத்த படுக்கை. போகக் கூடாதுன்னு உறவுக்காரங்க சிலர் தடுத்தாங்க. போயிட்டு வான்னு அனுப்பி வெச்சது அம்மாதான். ஜூலை 31 அன்னிக்கு பம்பாய்ல `பில்ஸ்னா'ங்கிற கப்பல் கிளம்புச்சு. அம்மாவை அவர் திரும்பப் பார்க்கவே இல்லை. அடுத்த வருஷம் மே மாசம் அவர் இறந்துபோனார்.

வெனிஸ் போய்ச் சேர பல நாள். அந்தக் கப்பல்ல அவர் போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரையே.

அதைப் புரிஞ்சுக்க அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. வெட்டின பள்ளத்தோட சுவர்ல அடுக்கு அடுக்கா பாறை தெரியும். மேல் அடுக்குக்குப் பெருசா பாரம் இல்லை. அடியில இருக்கிற அடுக்கு, மேல இருக்கிற அத்தனையையும் தாங்கணும். நட்சத்திரமும் அப்படித்தான். உள்ளே போகப் போக அழுத்தம் கூடும். ஒவ்வொரு அடுக்குக்கும் அழுத்தம் எவ்வளவு மாறுதுன்னு எழுதினா, அதுவே ஒரு டிஃபரன்ஷியல் ஈக்வேஷன். அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள உறவையும் சேர்த்துட்டா கிடைக்கிறது லேன்-எம்டன் சமன்பாடு. இரண்டாம் வரிசை. அதுல `என்'னு ஒரு எண் வரும். அது 0, 1, 5-ஆ இருந்தா பேனாவாலயே விடை எழுதிடலாம். மத்ததுக்கு எல்லாம் படிப்படியா எண்களைப் போட்டுத்தான் போகணும்.

எரிபொருள் தீர்ந்துபோன சூரியன் மாதிரி நட்சத்திரங்கள் சுருங்கி `வெள்ளைக் குள்ளன்' ஆகும். நெருக்கியடிச்சு நிக்கிற எலெக்ட்ரான்கள்தான் அதைத் தாங்குதுன்னு கேம்பிரிட்ஜ்ல ஃபௌலர் 1926-லேயே எழுதியிருந்தார். அந்தக் கணக்குல `என்' மதிப்பு 1.5. எந்த நட்சத்திரமும் கடைசியில நிம்மதியா அடங்கிடும்னு எல்லாரும் நம்பினாங்க.

கப்பல்ல சந்திரசேகர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அவ்வளவு நெருக்கத்துல எலெக்ட்ரான்கள் ஒளியோட வேகத்துக்குப் பக்கத்துல ஓடுமே, அப்போ ஐன்ஸ்டைனோட சார்பியலைச் சேர்க்க வேண்டாமா? சேர்த்தார். `என்' 1.5-ல இருந்து 3-ஆ மாறுச்சு. அவ்வளவுதான் மாற்றம். ஆனா விடை தலைகீழாச்சு. `என்' 3-ஆ இருந்தா, மையத்துல அடர்த்தி எவ்வளவு இருந்தாலும் நட்சத்திரத்தோட நிறை ஒரே எண்தான். அதுக்கு மேல பாரம் ஏறினா எலெக்ட்ரான்களால தாங்க முடியாது. 1931-ல் அவர் அச்சிட்ட எண் சூரியனைப்போல 0.91 மடங்கு. பின்னாடி சரியான வேதிக் கலவையை எடுத்துக்கிட்டதும் சுமார் 1.4 மடங்குன்னு ஆச்சு. இன்னிக்கு உலகம் முழுக்க அதுக்குப் பேர் சந்திரசேகர் வரம்பு.

உடனே கைதட்டினாங்கன்னு நினைக்காதீங்க. கேம்பிரிட்ஜ்ல யாரும் பெருசா கண்டுக்கலை. 1933-ல் பிஎச்.டி, டிரினிட்டி கல்லூரி ஃபெலோஷிப். அதுக்கப்புறம் முழுக் கணக்கையும் கையால சுத்துற கால்குலேட்டர் மெஷின்ல போட உட்கார்ந்தார். இன்னிக்கு உங்க போன் ஒரு நொடியில முடிக்கிற வேலை அவருக்கு மாசக்கணக்குல இழுத்தது. அந்த நாள்கள்ல அவர் அறைக்கு அடிக்கடி வந்து எப்படிப் போகுதுன்னு விசாரிச்சவர் சர் ஆர்தர் எடிங்டன். அன்னிக்கு வானியற்பியல்ல அவர்தான் சூப்பர் ஸ்டார். சந்திரசேகர் கப்பல்ல கையோட கொண்டுபோன புத்தகங்கள்ல ஒண்ணு எடிங்டன் எழுதினது.

1935 ஜனவரி 11. லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திரசேகர் பேசி முடிச்சார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். இப்படியெல்லாம் ஒரு நட்சத்திரம் சுருங்கிக்கிட்டே போறதை இயற்கை விடாதுன்னு கிண்டல் பண்ணினார். சபை சிரிச்சுது. பதில் சொல்ல சந்திரசேகருக்கு வாய்ப்பே கொடுக்கலை. இத்தனை மாசம் அறைக்கு வந்துபோனவர், இந்த எதிர்ப்பைப் பத்தி ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லலை. எனக்கு அந்தச் சிரிப்பைவிட இதுதான் உறுத்துது.

போர் வட்டத்து ஆட்கள், பௌலி எல்லாரும் சந்திரசேகர் சொல்றதுதான் சரின்னு தனியா ஒத்துக்கிட்டாங்க. வெளிப்படையா எடிங்டனை எதிர்க்க யாரும் வரலை. அவருக்கு வயசு 24.

அவர் என்ன செஞ்சார்? 1936-ல் ஊருக்கு வந்து, மாநிலக் கல்லூரியில் கூடப் படிச்ச லலிதாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். 1937-ல் அமெரிக்காவுல யெர்க்ஸ் வான் ஆய்வகத்துக்குப் போயிட்டார். நட்சத்திர அமைப்பு பத்தித் தனக்குத் தெரிஞ்சதையெல்லாம் 1939-ல் ஒரே புத்தகமா எழுதி முடிச்சார். அப்புறம் அந்தப் பக்கத்தை மூடிட்டு வேற துறைக்கு மாறினார். எடிங்டனோட நட்பை முறிச்சுக்கலை. 1944-ல் எடிங்டன் இறந்தப்போ அவரைப் புகழ்ந்து அஞ்சலி உரையும் நிகழ்த்தினார். இதைப் பெருந்தன்மைன்னு சொல்றாங்க. இருக்கலாம். ஆனா, கருந்துளை பத்தின ஆராய்ச்சி அதனால பல வருஷம் தள்ளிப்போச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு.

நோபல் பரிசு வந்தது 1983-ல். கப்பல் கணக்குப் போட்டு 53 வருஷம். கடைசிப் புத்தகம் நியூட்டனோட `பிரின்சிபியா'வைச் சாதாரண வாசகருக்கு விளக்குறது. 1995-ல் அது வெளிவந்த அதே வருஷம், ஆகஸ்ட் 21-ல் சிகாகோவுல இறந்தார்.

நைட்டு நேரம் கிடைச்சா, போன்லயே அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. ரங்கே-குட்டா முறை உங்க சிலபஸ்லயே இருக்கலாம். `என்' 3. மையத்துல மதிப்பு 1, சாய்வு 0. சரியா மையத்துலயே ஆரம்பிச்சா பூஜ்யத்தால வகுக்கச் சொல்லும், அதனால ஒரு மயிரிழை தள்ளி ஆரம்பிங்க. வெளியே வர வர மதிப்பு குறைஞ்சு, 6.897-ல பூஜ்யத்தைத் தொடணும். அதுதான் நட்சத்திரத்தோட விளிம்பு. தொடலைன்னா ஸ்டெப் சைஸைப் பாதியாக்கிட்டு இன்னொரு தடவை ஓட்டுங்க.