காலணியும் நீதிமன்றமும்: பொன்னுத்தம்பி லப்போர்த்

புதுச்சேரியின் லப்போர்த் வீதிக்குப் பெயர் தந்தவர் ஒரு தமிழர். பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற அந்த வழக்கறிஞர் 1873ஆம் ஆண்டு ஐரோப்பியப் பாணிக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். உள்நாட்டவர் அவ்வாறு நுழைவது மன்றத்தை அவமதிப்பதாகும் என்று கருதிய நீதிபதி அவரைத் தண்டித்தார். அவர் பணியவில்லை, பாரிசின் உச்ச மேல்முறையீட்டு மன்றம்வரை வழக்கைக் கொண்டுசென்று வென்றார்.

அவர் வேளாளர், தலித் அல்லர். ஆயினும் இவ்வழக்கு நமக்குரியது. சட்டம் பயின்றவரையே காலைப் பார்த்து எடைபோட்ட மன்றம், பிள்ளையார்குப்பம் போன்ற ஊரின் சேரியிலிருந்து வரும் சாட்சியை எவ்வாறு பார்த்திருக்கும்? அவர் வாய் திறக்கும் முன்பே அவரது உடையும் பேச்சும் நின்ற விதமும் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடும். தயக்கம் பொய்யாகவும், அச்சம் குற்றவுணர்வாகவும் படிக்கப்படும். சமூக உளவியல் முன்முடிவு என்று குறிப்பது இதனைத்தான். நீதிபதி தீயவராக இருக்க வேண்டியதில்லை. எது இயல்பு என்று அவர் வளர்ந்த சமூகம் கற்பித்ததே போதும். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்ட வழக்கில், செல்வந்தரான மிராசுதார்கள் தாமே நடந்துசென்று தீயிட்டிருப்பார்கள் என நம்புவது கடினம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் கருதி அவர்களை விடுவித்தது. காலணி வழக்குக்குப் பின் நூறாண்டு கழிந்திருந்தது.

பொன்னுத்தம்பி வெற்றியோடு நிற்கவில்லை. சாதி வழக்கங்களைக் காக்கும் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க வழிவகுக்கும் ஆணை 1881 செப்டம்பர் 21 அன்று வெளியானது. துறந்தவர் குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொள்ள வேண்டும். அவர் தேர்ந்த பெயர் லப்போர்த். பிரெஞ்சில் கதவு என்று பொருள். அக்கதவு வழியே தலித்துகளும் கிறித்தவர்களும் பெருமளவில் நுழைந்தனர். திருமணமும் வாரிசுரிமையும் அவர்களுக்குப் புதிய சட்டத்தின்கீழ் வந்தன. எனினும் குடியேற்ற அரசியலில் நெடுங்காலம் ஓங்கி நின்றவர், சாதி வழக்கங்களைக் காக்க முனைந்த சண்முக வேலாயுத முதலியாரே. துறந்தோர் சிறுபான்மையாகவே இருந்தனர்.