13-ம் நம்பர் கார்டும் திண்டுக்கல்லில் தூங்கிய பையனும்

டாரட் ரீல்ஸ் ஒண்ணாவது உங்க கண்ணுல பட்டிருக்கும். வெள்ளைக் குதிரையில, கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு வர்ற அந்த 13-ம் நம்பர் கார்டு... பேரே 'மரணம்'. எடுத்ததும் பக்குனு இருக்கும். கார்டு பார்க்கிறவங்க உடனே, இது சாவு இல்லை, வெறும் மாற்றம்தான், வேலை மாறலாம், பிரேக்-அப் ஆகலாம்னு சமாதானம் சொல்வாங்க. கொஞ்சம் அவசரப்பட்ட சமாதானம் அது.

1909-ல் லண்டனில் வெளியான ரைடர் டாரட்டுக்காக பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படம் அது. உற்றுப் பாருங்க. ராஜா கீழே விழுந்து கிடக்கிறார். மதகுரு கைகூப்பி நிற்கிறார். ஒரு சின்னக் குழந்தை மட்டும் குதிரையை நேராகப் பார்க்குது. அதைவிடப் பழைய மார்செய் டாரட்டில், வழக்கமா இந்தக் கார்டுக்குப் பெயரே கிடையாது, எண் மட்டும்தான்.

டாரட்டுக்கும் ரமண மகரிஷிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனா, இந்தக் கார்டை வாழ்ந்து காட்டினவர் அவர்னு சொல்லலாம். 1879-ல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், சிறு வயதில் கொஞ்ச காலம் படிச்சது உங்க திண்டுக்கல்லில்தான். 1891-ல் ஒரு நாள், வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போயிருக்க, பையன் கதவை உள்ளே பூட்டிட்டு தூங்கிட்டான். தட்டியும் கத்தியும் எழும்பலை. எப்படியோ கதவைத் திறந்து உள்ளே போய், அடிச்சுப் பார்த்தும் அசையலை. நடந்தது எல்லாம் அவனுக்கு மறுநாள் காலையில மத்தவங்க சொல்லித்தான் தெரியும்!

1892-ல் அப்பா இறந்தார். பையன் மதுரைக்கு, சித்தப்பா வீட்டுக்குப் போனான். 1896 ஜூலையில், உடம்புக்கு ஒண்ணுமே இல்லாதப்ப, திடீர்னு சாகப்போறோம்ங்கிற பயம். வயசு 16. டாக்டரைத் தேடலை, யாரையும் கூப்பிடலை. பிணம் மாதிரி விறைப்பாகப் படுத்து, மூச்சை அடக்கி யோசிச்சான். இந்த உடம்பைச் சுடுகாட்டில் எரிச்சுட்டா, நானும் முடிஞ்சேனா? செத்த பிறகு எங்கே போவோம்னுதான் நாமெல்லாம் கேட்போம். அவன், சாகிறது யாருன்னு கேட்டான். உடம்பு போனாலும் 'நான்' போகலைன்னு அவனுக்கு உறைச்சது. சில நிமிஷம்தான். அதுக்கப்புறம் விளையாட்டு, சண்டை, சாப்பாட்டு ருசி எதுவும் ஒட்டலை.

ஆகஸ்ட் 29. இங்கிலீஷ் கிராமர் இம்போசிஷன் பாதியில் நிக்குது. மின்சாரம் பத்தி ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிக் கிளம்பினார். அண்ணனோட காலேஜ் ஃபீஸ் 5 ரூபாய் கையில் இருந்தது. 3 ரூபாயை எடுத்துக்கிட்டு, மீதி 2 ரூபாயோட ஒரு கடிதம் வெச்சார். 'நான்'னு ஆரம்பிச்ச கடிதம் சட்டுனு 'இது'ன்னு மாறுது. கடைசியில கையெழுத்து இல்லை, வெறும் கோடு. பெயரில்லாத அந்தப் பழைய கார்டு மாதிரியே! மதுரையிலிருந்து திருச்சி போற ரயில் திண்டுக்கல் வழியாத்தான் போகும். நாகல் நகர் பக்கத்துல இருக்கிற அந்த ஸ்டேஷனை அன்னிக்கு அவரும் கடந்திருக்கார். செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை. கையிலிருந்த மிச்சக் காசும் குளத்துக்குள்ளே போச்சு.

ரீல்ஸ் சொல்லாத பகுதி ஒண்ணு இருக்கு. ஒருத்தர் தன் 'நான்'-ஐ விடும்போது, அதுக்கான விலையை வீட்டில் இருக்கிறவங்களும் கொடுக்கிறாங்க. அம்மா அழகம்மாள் 1898-ல் தேடி வந்து, வீட்டுக்கு வரச்சொல்லி அழுதார். மகன் வாய் திறக்கலை. ஒரு தாளில் பதில் எழுதிக் கொடுத்தார். அம்மா தனியாகத் திரும்பினார். ஞானிதான், ஒத்துக்கிறேன். இருந்தாலும் அந்த இடம் எனக்கு இன்னும் உறுத்துது.

1916-ல் அம்மா மகனோடவே தங்க வந்துட்டார். 1922 மே 19, அவரோட கடைசி நாள். ஒரு கையை அம்மா நெஞ்சிலும் இன்னொரு கையைத் தலையிலும் வெச்சு, மூச்சு அடங்குற வரைக்கும் ரமணர் பக்கத்துலேயே உட்கார்ந்திருந்தார். மலையடிவாரத்தில் அம்மாவை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது. 1950 ஏப்ரல் 14-ல் அவரும் அங்கேதான் கண் மூடினார்.