ஜெனெட் ரேங்கின்

ஜெனெட் ரேங்கின் (ஜூன் 11, 1880 – மே 18, 1973) ஐக்கிய அமெரிக்க அரசியல்வாதியும் பெண்ணுரிமை, அமைதிச் செயற்பாட்டாளரும் ஆவார். அந்நாட்டின் காங்கிரஸுக்குத் தெரிவான முதல் பெண் இவரே. இரு உலகப் போர்களிலும் தம் நாடு இறங்குவதை எதிர்த்து வாக்களித்த ஒரே காங்கிரஸ் உறுப்பினரும் இவராவார்.

வாழ்க்கைக் குறிப்பு

ரேங்கின் மொன்டானாவில் மிசூலா நகருக்கு அருகில் பிறந்தார். 1902 இல் மொன்டானாப் பல்கலைக்கழகத்தில் உயிரியலில் பட்டம் பெற்றார். பின்னர் பெண்களின் வாக்குரிமைக்காகப் பணியாற்றினார். மொன்டானாப் பெண்கள் 1914 இல் அவ்வுரிமையைப் பெற்றனர். 1916 இல் குடியரசுக் கட்சியின் சார்பில் பிரதிநிதிகள் அவைக்குத் தெரிவானார்.

போர் எதிர்ப்பு

1917 ஏப்ரலில் ஜெர்மனி மீதான போர்த் தீர்மானத்தை அவையில் 50 பேர் எதிர்த்தனர். அவர்களுள் ரேங்கினும் ஒருவர். இவ்வாக்கு பெண்களின் வாக்குரிமைக் கோரிக்கைக்கு ஊறு விளைவிக்கும் என இயக்கத்தினர் சிலர் கருதினர். 1918 இல் செனட் அவைக்குப் போட்டியிட்டுத் தோல்வியுற்றார்.

1940 இல் மீண்டும் பிரதிநிதிகள் அவைக்குத் தெரிவானார். 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. மறுநாள் அவையில் போருக்கு ஆதரவாக 388 வாக்குகள் விழுந்தன. எதிர்வாக்கு இவருடையது மட்டுமே. சினமுற்ற கூட்டத்தினரிடமிருந்து தப்பத் தொலைபேசிக் கூண்டொன்றில் புகுந்த இவரைக் காவலர்கள் பாதுகாப்புடன் அழைத்துச் சென்றனர். 1942 தேர்தலில் இவர் போட்டியிடவில்லை.

பிற்காலம்

காந்தியின் அறவழியில் ஈடுபாடு கொண்ட ரேங்கின், இந்தியாவுக்குப் பலமுறை பயணம் செய்தார். 1968 ஜனவரி 15 அன்று, தமது 87 ஆவது வயதில், வியட்நாம் போருக்கு எதிராக ஆயிரக்கணக்கான பெண்கள் வாஷிங்டனில் நடத்திய பேரணிக்குத் தலைமை தாங்கினார். ஒருகாலத்தில் இவரது வாக்கைக் கேட்டுக் கொதித்தெழுந்த காங்கிரஸின் கட்டடத்திலேயே 1985 இல் இவருக்குச் சிலை நிறுவப்பட்டது.