நோயோடு கணக்குப் போட்ட மேதை

ஈரோட்டில் 1887 டிசம்பர் 22-ந் தேதி பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் சீனிவாச ராமானுஜன். இரண்டு வயதில் பெரியம்மை கண்டது, பிழைத்துக்கொண்டார். ஆனால் நோய் அவரை விடவில்லை.

கணிதத்தில் புலி, மற்றப் பாடங்களில் மனம் செல்லவில்லை. கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் கிடைத்த உபகாரச் சம்பளம் பறிபோயிற்று. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் நோயில் விழுந்து ஊர் திரும்பினார். பிறகு எழுதிய எப்.ஏ. பரீட்சையிலும் தோல்வி! 1910-ல் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. கையில் காசு இல்லை. ஒரு டாக்டர் இலவசமாகவே செய்தார்.

கைகொடுத்தவர்கள்

நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. மறு ஆண்டு, பட்டம் பெறாத அவருக்கு, விதியைத் தளர்த்தி மாதம் 75 ரூபாய் அளித்தது சென்னைச் சர்வகலாசாலை. 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே பேராசிரியர் ஹார்டி துணை நின்றார்.

குளிர்; யுத்த காலம்; சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். 1917-ல் படுத்த படுக்கையானார். காசநோய் என்றே வைத்தியம் நடந்தது. ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-ல் ஒருவர் ஆராய்ந்து எழுதினார். நோயாளி என்று அவரை யாரும் ஒதுக்கவில்லை. 1918-ல் ராயல் சொசைட்டியும், டிரினிட்டி கல்லூரியும் அவரைத் தங்கள் பெல்லோ ஆக்கின.

சென்னைச் சர்வகலாசாலையும் ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்தது. அவ்வளவு தமக்கு வேண்டாம், மிச்சத்தை ஏழை மாணவர், அனாதைப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார், நோயில் வாடிய அந்த மனிதர்!

1919-ல் தாயகம் திரும்பினார். படுக்கையிலும் கணக்கை விடவில்லை. 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 32.

நேற்று தயவு, இன்று உரிமை

ராமானுஜனுக்குக் கிடைத்தது நல்லவர்களின் தயவு. இன்றோ சட்டம் இருக்கிறது. நரம்பு நோய்கள், ஹீமோபிலியா போன்ற ரத்த நோய்கள், குஷ்டம் குணமானபின் தங்கிய ஊனம் ஆகியவற்றையும் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏற்கிறது. பாதிப்பு 40 சதவீதமாவது இருப்பவர்களுக்கு அரசாங்க, அரசாங்க உதவிபெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடம் ஒதுக்க வேண்டும். புதுவைக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். நோயுற்ற பிள்ளையைப் படிப்பை நிறுத்தி வீட்டில் உட்கார வைக்கும் பெற்றோர், முதலில் கல்லூரிக்குப் போய் இதைக் கேட்கட்டும்!