சரபோஜி மன்னரின் இரு கருவூலங்கள்

கல் தானே நிலைக்கும் தன்மையது. இரும்பும் ஓலையும் அத்தகையன அல்ல. யாரேனும் ஒருவர் பேணினாலன்றி அவை ஒரு தலைமுறையைக்கூடத் தாண்டுவதில்லை. செஞ்சிப் பகுதியில் வாழும் நமக்கு இவ்வுண்மையைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. பனமலையில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் ஏறத்தாழ 1300 ஆண்டுகளாக நிற்கின்றது. இராசகிரியின் மதில்களும் நெற்களஞ்சியங்களும் நிற்கின்றன. ஆனால் அம்மதில்களின்மேல் நின்று காவல் புரிந்தவர் தலையிலணிந்த சீராவும், மார்பிற் பூண்ட கவசமும், கையிலேந்திய வாளும் கல்லைப்போல் நின்ற இடத்திலேயே நிலைத்திருப்பனவல்ல. அவற்றைத் தேடிச் சேர்த்தும் துடைத்து எண்ணெயிட்டும் காத்தாரைப் பற்றி அறிய விரும்பினால், நாம் தஞ்சைக்குச் செல்லுதல் வேண்டும்.

தஞ்சைக்கும் செஞ்சிக்கும் உறவு பழையது. 1677-இல் சத்ரபதி சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். அவருடைய மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பியாகிய ஏகோஜி அதற்குச் சற்று முன்னரே தஞ்சையில் போன்சலே மரபின் ஆட்சியைத் தொடங்கியிருந்தார். சிவாஜியின் மைந்தர் இராசாராம் செஞ்சிக்குள் இருந்துகொண்டே முகலாயரின் நெடிய முற்றுகையை எதிர்த்து நின்றார். 1698-இல் செஞ்சி முகலாயர் வசமாயிற்று. தஞ்சையிலோ மராத்தியர் மரபு 1855 வரை நீடித்தது. அம்மரபில் வந்த இரண்டாம் சரபோஜி மன்னரின் வாழ்வு, பொருள்களைச் சேர்ப்போர் யாவரும் ஓதியுணர வேண்டிய வாழ்வாகும்.

சரபோஜி 1777 செப்டம்பர் 24-ஆம் நாள் பிறந்தார். துளஜா மன்னர் 1787-இல் அவரைத் தத்தெடுத்துக்கொண்டார். அவ்வாண்டிலேயே மன்னர் மறைந்தார். சிறுவராகிய சரபோஜியை ஒதுக்கிவிட்டு அமர்சிங் அரசு கட்டிலேறினார். சரபோஜியின் கல்வியும் உயிர்ப்பாதுகாப்பும் கேள்விக்குறியாயின. அவரைக் காத்து வளர்க்கும் பொறுப்பு செர்மானிய நாட்டுச் சமயத் தொண்டர் சுவார்ட்சு பாதிரியாரிடம் வந்தது. பின்னர்ச் சென்னையில் தங்கிக் கற்ற இளவரசர், ஆங்கிலத்தையும் மேனாட்டு அறிவியலையும் ஆர்வத்தோடு பயின்றார். தம்மைக் காத்த ஆசிரியர்பால் அவர் கொண்ட நன்றி பெரிது. 1798-இல் சுவார்ட்சு மறைந்தபின், பிளாக்சுமன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு அவருக்குப் பளிங்கு நினைவுச் சின்னம் செய்வித்தார். அச்சிற்பம் தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவிலுள்ள தேவாலயத்தில் உள்ளது.

1798-இல் சரபோஜி அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே, 1799 அக்டோபரில், கிழக்கிந்தியக் கும்பினியோடு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. நாட்டின் ஆட்சி கும்பினிக்குச் சென்றது. மன்னர்க்குக் கோட்டையும், ஆண்டுதோறும் ஒரு இலட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே எஞ்சின. அப்போது அவர்க்கு வயது இருபத்திரண்டு. அரண்மனையில் படைக்கலக் கொட்டில் இருந்தது. அதைக் கொண்டு நடத்துவதற்குரிய போர் இல்லை.

அக்கொட்டில் எளியதன்று. நாயக்கர் காலந்தொட்டுச் சேர்ந்த படைக்கலங்கள் அதில் இருந்தன. கைப்பிடியின் மேல் மூடிபோல் விரிந்த காப்புத் தகட்டையுடைய கட்டாரிகள் தஞ்சைக்கே உரிய சிறப்புடையன. அவற்றுள் பலவற்றிற்கு ஐரோப்பிய வாள்களின் அலகுகளே பொருத்தப்பட்டிருந்தன. கடல்கடந்து வந்த இரும்பைத் தஞ்சைக் கொல்லர் தம் கைவண்ணத்தால் தமதாக்கிக்கொண்டனர் எனலாம். நுண்ணிய வேலைப்பாடமைந்த யானை அங்குசங்களும் அங்கிருந்தன. புறநானூற்றின் 95-ஆம் பாடலில் ஔவையார், தொண்டைமானின் பொலிவுமிக்க படைக்கலங்களையும், போரிற் சிதைந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கும் அதியமானின் வேல்களையும் ஒப்பிட்டுக் காட்டியதை நாம் அறிவோம். சரபோஜியின் நிலை அவ்விருவர் நிலையினும் வேறானது. அவருடைய படைக்கலங்கள் அழகாய் இருந்ததற்குக் காரணம் மறமின்மை அன்று, நாடின்மையே ஆகும். குதிரையைத் தேர்வதிலும், அஞ்சாது நின்று புலியை வீழ்த்துவதிலும் மன்னர் வல்லவர் என ஆங்கிலேய அதிகாரிகளே மதித்தனர் என்று, 1826-இல் தஞ்சைக்கு வந்த பேராயர் ஈபர் எழுதியுள்ளார்.

வாளுக்கு வேலையற்ற அம்மன்னர் தம் ஆற்றல் முழுவதையும் மற்றொரு கருவூலத்தின்பால் செலுத்தினார். நாயக்கர் காலத்திலிருந்தே அரண்மனையில் ஏட்டுச்சுவடிகள் இருந்தன. அவற்றைப் பெருநூலகமாக வளர்த்தவர் சரபோஜியே. 1820-இல் காசி யாத்திரை மேற்கொண்டபோது வடநாட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்தார். காசியின் படித்துறைகளை ஓவியங்களாக வரைவித்தார். ஐரோப்பாவிலிருந்து நாலாயிரத்திற்கும் மேற்பட்ட அச்சு நூல்களை வருவித்தார். அவற்றுள் பலவற்றில் அவர் தம் கையொப்பத்தை ஆங்கிலத்தில் இட்டுள்ளார்.

சேர்த்தலோடு அவர் அமைந்துவிடவில்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. அரண்மனையிலேயே அச்சுக்கூடம் நிறுவி மராத்தியிலும் வடமொழியிலும் நூல்களை அச்சிட்டார். ஈசாப்புக் கதைகள் மராத்தியில் அங்கு அச்சேறின. ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை அமைத்து, அங்கே உணவோடு கல்வியும் கிடைக்கச் செய்தார். தன்வந்திரி மகாலில் மருத்துவர்கள் ஆய்ந்து தேர்ந்த முறைகளைப் புலவர்கள் தமிழ்ச் செய்யுளாக்கினர். அவையே சரபேந்திர வைத்திய முறைகள் எனப் பெயர் பெற்றன. மருத்துவரின் அறிவு மக்களின் நாவிலும் நினைவிலும் தங்குவதற்குப் புலவரின் யாப்பு துணை வேண்டும் என்பதை அம்மன்னர் உணர்ந்திருந்தார். சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடிய கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் அவருடைய அவையை அணிசெய்தவர். பெரிய கோயிலில் தம் மரபின் வரலாற்றை 1803-இல் கல்லில் வெட்டுவித்ததும் பகிர்தலின் ஒரு வகையே ஆகும்.

1832 மார்ச்சு 7-ஆம் நாள் சரபோஜி மறைந்தார். அவர் மைந்தர் சிவாஜி 1855-இல் ஆண்வாரிசின்றி இறந்தார். 1856-இல் கும்பினி அரண்மனைச் சொத்துகளைக் கைப்பற்றியது. மூத்த அரசி காமாட்சிபாய் வழக்குத் தொடுத்தார். 1859-இல் இலண்டன் பிரிவி கவுன்சில், கும்பினியின் செயல் நீதிமன்ற ஆய்வுக்கு உட்படாத அரசுச் செயல் எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் 1862-இல் அரசு தானாகவே முன்வந்து தனிச் சொத்துகளை அரசியர்க்கு மீள அளித்தது.

அதன்பின் இரு கருவூலங்களும் இரு வேறு வழியிற் சென்றன. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிந்திய அக்காலத்தில் அரசு படைக்கலங்களை ஐயத்தோடு நோக்கியது. 1860-களில் தஞ்சைக் கொட்டில் கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. இவ்வழிவைக் குறித்து வால்ஹவுஸ் என்னும் ஆங்கிலேயர் 1878-இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் எழுதினார். தப்பிய கட்டாரிகள் சில நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம்வரை சென்றுள்ளன. கொல்லன் உலையில் மீண்டும் உருகிய இரும்பு யாருடைய தலையைக் காத்தது என்பதை இனி எவரும் கூற இயலாது.

ஏடுகளை அவ்வாறு எடையிட்டு விற்க யாரும் துணியவில்லை. அவற்றைக் கற்றவரும் படியெடுத்தவரும் தேடி வருவோரும் இருந்தனர். பர்னல் என்னும் அறிஞர் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் தொகுத்து 1880-இல் வெளியிட்டார். 1918-இல் அந்நூலகம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்ட சுவடிகளோடு சரசுவதி மகால் இன்றும் திறந்திருக்கின்றது.

இரும்பினும் மெல்லியது ஓலை. ஓலை வாழ்ந்து இரும்பு அழிந்தமைக்கு அரசியற் காரணம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், கொட்டிலுக்குள் பூட்டப்பட்ட படைக்கலத்திற்காக வழக்காட அரண்மனைக்கு வெளியே ஒருவரும் இல்லை என்பதும் உண்மையே. ஏட்டிற்கோ படிப்போர் என்னும் பெரும்படை இருந்தது.

2025-இல் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியர் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, தமிழகத்திலிருந்து செஞ்சி ஒன்றே அவ்வரிசையில் இடம்பெற்றது. கல்லுக்குக் காவல் வந்துவிட்டது. ஊர்தோறும் வீட்டுப் பரண்களில் கிடக்கும் பழைய வாளும் ஏடும் கையெழுத்துப் படிகளும் நம் காவலையே எதிர்நோக்கியுள்ளன. பத்தாண்டு நிறைவு காணும் வட்டத்தினர், தாம் சேர்த்தவற்றை ஒருவர்க்கொருவர் காட்டவும், படியெடுத்துக்கொள்ளவும், பட்டியலிடவும் முன்வருவாராயின், அதுவே சரபோஜி மன்னர்க்கு நாம் செலுத்தும் தகுந்த நன்றியாகும்.