கடனுக்காகச் சிறை சென்ற பாதிரியார்

திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளை இன்றும் காணலாம். அந்த ஊருக்கு இரண்டு முறை அகதியாக வந்தவர் பெப்ரீசியஸ் பாதிரியார்.

1711 ஜனவரி 22-ந் தேதி ஜெர்மனியில் பிறந்தவர். 1740-ல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742-ல் சென்னைக்கு மாறினார். 1746-ல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. பாதிரியார் பழவேற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். 1758-ல் மறுபடியும் முற்றுகை. மறுபடியும் பழவேற்காடு!

இத்தனை அலைச்சலிலும் பைபிளைத் தமிழாக்கும் வேலையை அவர் விடவில்லை. எழுதியதைத் தமிழர்களுக்கு வாசித்துக் காட்டுவார். காதில் இடறும் சொல்லை மாற்றுவார்.

1761-ல் பாண்டிச்சேரியில் ஆங்கிலேயர் ஓர் அச்சு யந்திரத்தைக் கைப்பற்றினார்கள். சர்க்கார் வேலையையும் அச்சடித்துத் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு அதைப் பாதிரியாரிடம் கொடுத்தார்கள். யார் அவரைத் துரத்தினார்களோ, அவர்களுடைய யந்திரம்! வேப்பேரியில் 1772-ல் புதிய ஏற்பாடு வெளிவந்தது. 1779-ல் சுமார் 9,000 சொற்கள் கொண்ட தமிழ்-ஆங்கில அகராதியும் வந்தது.

சொல்லில் இவ்வளவு கவனமாக இருந்தவர் பணத்தில் ஏமாந்தார். பிறர் நம்பிக் கொடுத்து வைத்த பணத்தைக் கடனாகக் கொடுத்தார். அது திரும்பவில்லை. தள்ளாத வயதில் சிறைக்குப் போனார். பேராசை என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நஷ்டம் நஷ்டம்தானே!

1788-ல் பொறுப்பை கெரிக்கே பாதிரியாரிடம் ஒப்படைத்தார். எண்பது வயது நிறைந்த மறுநாள், 1791 ஜனவரி 23-ந் தேதி காலமானார்.

அவருடைய வேத புத்தகத்தை ஜனங்கள் விடவில்லை. புதிய மொழிபெயர்ப்புகள் வந்த பிறகும், லுத்தரன் சபையார் 20-ம் நூற்றாண்டிலும் அதையே வாசித்தார்கள்.